கொடுவாவும் தூண்டிலும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கி வடக்கே செல்லும் கரையோரப் பாதை, பனிச்சங்கேணிப் பாலத்தையும் வாகரையையும் கடந்து கதிரவெளி என்னும் ஊரை அடைகின்றது. அவ்வூருக்குக் கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே வயலும் காடும். வடக்கே சிறிது தொலைவில் வெருகலாறு. மத்திய மலைநாட்டிலே பிறந்து 335 கிலோமீற்றர் நீளம் ஓடிவரும் மகாவலி கங்கையின் ஒரு கிளையே வெருகல் என்னும் பெயருடன் இங்குக் கடலோடு கலக்கின்றது. தெற்கே சென்றால் பனிச்சங்கேணிக் களப்பு; அதற்கும் தெற்கே, மீன்பாடும் தேனாடு என்ற பெயரை மட்டக்களப்புக்குத் தேடித் தந்த பெருவாவி. இவ்வாறு ஆற்றுநீரும் கடல்நீரும் சந்திக்கும் இடங்கள் பலவற்றைத் தன் அயலிலே கொண்ட ஊர் கதிரவெளி.

உவர்நீரும் நன்னீரும் கலக்கும் இத்தகைய இடங்களிலே வாழும் மீன்களுள் தலைமை சான்றது கொடுவா. சிங்களத்தில் இதனை மோதா என்பர். கேரளத்தில் காளாஞ்சி என்பர். வங்காளத்தில் பேட்கி என்று போற்றுவர். வட அவுஸ்திரேலியாவிலே பாரமுண்டி என்று அழைப்பர். பெயர் எதுவாயினும் மீன் ஒன்றே. பாரசீக வளைகுடா தொடங்கி அவுஸ்திரேலியாவின் வடகரை வரை, முகத்துவாரங்களும் கண்டற் காடுகளும் உள்ள இடமெங்கும் இது வாழ்கின்றது. முழு வளர்ச்சி பெற்ற கொடுவா ஓர் ஆளின் உயரத்தையும் எட்டக்கூடும். அறுபது கிலோ வரை நிறுக்கவும் கூடும். களப்பிலே சாதாரணமாகத் தூண்டிலுக்கு அகப்படுபவை சில கிலோ நிறையுடையனவேயாம். ஆயினும் அந்தச் சில கிலோ மீனே, ஆயத்தமின்றிச் சென்றவனின் நூலை அறுத்துக்கொண்டு போவதற்குப் போதுமானது.

நூல் அறுந்து மீன் போவது ஒரு சிறு நிகழ்ச்சியாகத் தோன்றலாம். தோணியும் வலையும் இல்லாத ஒருவன், கைத்தூண்டில் ஒன்றை மட்டும் நம்பி மாலை முழுதும் நீரோரத்திற் காத்திருந்து பெற்ற மீன் அது என்றால், அறுந்தது நூல் மட்டுமன்று. அன்றைய கூலியும் அறுந்தது. வாயிலே முள்ளைச் சுமந்து சென்ற மீனும் பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே தூண்டிற் கருவிகளை ஆராய்ந்து தெரிந்தெடுப்பது பொழுதுபோக்குக் கலை மட்டுமன்று; உழைப்பையும் உயிரையும் வீணாக்காதிருக்கும் வழியுமாகும். கருவியைத் தெரிவதற்குக் கடைக்குச் செல்லுமுன் மீனைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொடுவாவின் உடலமைப்பே அதற்கேற்ற தூண்டிலின் அமைப்பை வகுத்துச் சொல்லிவிடுகின்றது.

கொடுவாவின் வாய் மிகப் பெரியது. அது இரையைக் கடித்துக் கிழிப்பதில்லை. வாயை ஒரே கணத்தில் அகலத் திறந்து, நீரோடு இரையையும் உள்ளே உறிஞ்சிக்கொள்கின்றது. அப்போது நீர்ப்பரப்பிலே எழும் ஓசை அமைதியான இரவில் நெடுந்தூரம் கேட்கும். சீலா மீனுக்கு இருப்பதுபோல வெட்டும் பற்கள் இதற்கில்லை. இதன் பற்கள் அரம்போன்ற நுண்ணிய பற்கள். ஆனால் பற்களில் இல்லாத கூர்மை செவுள் மூடியில் இருக்கின்றது. செவுள் மூடியின் விளிம்பு வாள்போன்று கூரியது. அதனருகே வலிய முள்ளும் உண்டு. மீன் தலையை உதறும்போது அவ்விளிம்பிலே பட்ட மெல்லிய நூல் நொடியில் அறும். இது தவிர, தூண்டிலிற் பட்டதும் கண்டல் வேர்களுக்குள்ளே பாய்ந்து புகுவதும், நீருக்கு மேலே துள்ளி எழுந்து தலையை அசைப்பதும் கொடுவாவின் இயல்புகள். இவையனைத்தையும் மனத்திற் கொண்டால், எந்தக் கருவி வேண்டும் என்ற வினாவுக்கு விடை எளிதாகின்றது.

முதலில் நூலைப் பார்ப்போம். பழைய காலத்தில் பருத்தி நூலும் சணல் நூலுமே தூண்டிற் கயிறாக இருந்தன. 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே நைலோன் என்னும் செயற்கை இழை உலகுக்கு அறிவிக்கப்பட்ட பின்னர், சில பத்தாண்டுகளுக்குள் மீனவர் கையிலிருந்த நூல் யாவும் மாறிவிட்டன. ஈழத்துக் கரையெங்கும் தங்கூசி என்று வழங்கும் ஒற்றை இழை நூல் அந்த நைலோன் நூலேயாம். இது நீரிற் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. இழுத்தால் சிறிது நீண்டு கொடுப்பதனால் மீனின் திடீர் உதறலைத் தாங்கும். இக்காலத்திலே பல நுண்ணிழைகளை ஒன்றாகப் பின்னிய நூலும் கிடைக்கின்றது. அது தங்கூசியைவிட மெல்லியது, வலியது. மீன் இரையைத் தீண்டுவதை உடனே கையில் உணர்த்துவது. ஆனால் அது நீண்டு கொடுப்பதில்லை. வெறுங்கையாற் பிடித்து இழுப்பவனின் விரலை வெட்டிவிடும். ஆதலின் கைத்தூண்டிலுக்குத் தங்கூசியே ஏற்றது. பின்னல் நூல் கோலும் சக்கரமும் உள்ளவர்க்கே உரியது. களப்புக் கொடுவாவுக்கு எட்டு முதல் பத்துக் கிலோ வரை தாங்கும் நூல் போதும். அதற்கு மேலே தடித்த நூல் இரையின் இயல்பான அசைவைக் கெடுக்கும்.

ஆனால் முள்ளை அடுத்து வரும் ஒரு மீற்றர் நூல் இதற்கு விலக்கு. முன்னூல் என்று கூறத்தக்க அப்பகுதி மட்டும் இருபது கிலோ, இருபத்தைந்து கிலோ தாங்கும் தடித்த தங்கூசியாக இருத்தல் வேண்டும். செவுள் மூடியின் வெட்டையும், பற்களின் தேய்ப்பையும், சிப்பி படிந்த கண்டல் வேரின் உராய்வையும் தாங்க வேண்டியது அந்த ஒரு மீற்றரே. கொடுவாவைப் பிடிப்பதா, இழப்பதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பதும் அதுவே. சிலர் சீலாவுக்குக் கட்டுவதுபோலக் கம்பி கட்டுவர், அது வேண்டியதில்லை. வெட்டும் பல் இல்லாத மீனுக்குக் கம்பி கட்டினால், இரை விறைத்து நிற்பதைக் கண்டு மீன் விலகிப் போவதே மிச்சம். ஒவ்வொரு மீனைப் பிடித்த பின்னும் முன்னூலை விரல்களுக்கிடையே விட்டு உருவிப் பார்த்தல் நன்று. சொரசொரப்புத் தட்டுப்பட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சிட வேண்டும். ஒரு சாண் நூலை மிச்சம் பிடிக்கப்போய் மீனை இழப்பது சிக்கனமாகாது.

அடுத்தது முள். முள்ளின் இலக்கங்கள் புதியவரை மயக்குவன. 1, 2, 4, 6 என்று இலக்கம் ஏற ஏற முள் சிறிதாகும். ஆனால் சாய்கோடும் சுழியமும் சேர்ந்த 1/0, 2/0, 4/0 என்ற வரிசையில் இலக்கம் ஏற ஏற முள் பெரிதாகும். கொடுவாவுக்கு 4/0 முதல் 6/0 வரையுள்ள முட்கள் பொருத்தமானவை. சிறிய முள் அந்தப் பெரிய வாயில் எங்கும் பற்றாமல் வெளியே வந்துவிடும். அல்லது தொண்டைக்குள்ளே போய்விடும். வடிவத்திலே இருவகை உண்டு. ஒன்று நாம் வழக்கமாகக் காணும் நேர்முள். மற்றொன்று, முனை உள்நோக்கித் திரும்பி ஏறத்தாழ வட்டமாக வளைந்திருக்கும் வளைமுள். வளைமுள்ளைப் பயன்படுத்துவோர் மீன் இரையை எடுத்ததும் வெட்டி இழுத்தல் ஆகாது. நூல் மெல்ல இறுகும்படி விட்டால், முள் தானாகவே திரும்பி வாயின் கடைக்கோணத்திற் பற்றிக்கொள்ளும். தொண்டையில் ஏறாது, ஆகவே, திரும்ப விடவேண்டிய மீனைத் தீங்கின்றி விடுவதற்கும் இதுவே சிறந்தது.

முள் கூராக இருக்கின்றதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. முனையைப் பெருவிரல் நகத்தின்மேல் மெல்ல வைத்து நகர்த்த வேண்டும். நகத்திலே பற்றி நின்றால் கூர். வழுக்கிச் சென்றால் மொட்டை. மொட்டை முள்ளைச் சிறு அரத்தாற் தீட்டலாம். துருப்பிடித்ததை எறிந்துவிடுதலே தகும். சூதிற் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் முள்ளை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்ட திருவள்ளுவர், அந்த இரும்பு முள்ளைப் பொன் என்ற சொல்லாற் குறித்தார். பளபளப்பை நம்பி ஏமாறுவது மீன் மட்டுமன்று. கடையிலே மின்னும் முள்ளைக் கண்டு, அதன் கூரையும் உறுதியையும் பாராது வாங்குபவனுக்கும் அந்த உவமை பொருந்தும்.

நல்ல நூலும் நல்ல முள்ளும் இருந்தும் முடிச்சுத் தவறினால் யாவும் வீண். நூல் அறும்போது பெரும்பாலும் அறுவது முடிச்சிட்ட இடத்திலேயே. நூலின் நுனியை முள்ளின் கண்ணூடாகச் செலுத்தி, பெருநூலின் மேல் ஐந்தாறு முறை சுற்றி, கண்ணை ஒட்டி உண்டாகும் சிறு வளையத்தூடே நுனியைத் திருப்பிக் கொண்டுவந்து, இறுதியாகத் தோன்றிய பெரிய வளையத்தூடும் செலுத்தி இறுக்குவது யாவரும் எளிதிற் கற்கத்தக்க ஒரு முடிச்சு. தடித்த முன்னூலுக்கு மூன்று நான்கு சுற்றுப் போதும். இறுக்குமுன் முடிச்சை உமிழ்நீரால் அல்லது தண்ணீரால் நனைத்தல் வேண்டும். காய்ந்த நைலோனை விரைந்து இழுத்தால் உராய்விலே எழும் வெப்பம் இழையை நலிவிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்நலிவு, பெரிய மீன் பட்ட கணத்திலேதான் வெளிப்படும்.

பெருநூலையும் முன்னூலையும் ஒரு சுழல் வளையத்தால் இணைத்தல் நன்று. இரை நீரோட்டத்திலே சுழன்றாலும் நூல் முறுக்கேறாதிருக்க அது உதவும். துளையுள்ள ஈயக்குண்டைப் பெருநூலிற் கோத்துவிட்டால், அது வளையத்துக்கு மேலே தாராளமாக நகரும். மீன் இரையை இழுக்கும்போது நூல் மட்டும் ஈயத்தின் துளையூடாகச் செல்லுமாதலின், பாரத்தை உணர்ந்து மீன் இரையை உமிழ்ந்துவிடாது. நீரோட்டம் இரையை அடித்துக்கொண்டு போகாத அளவு ஈயமே போதும். அதற்கு மேற்பட்டது சுமை.

இனிக் கோலும் சக்கரமும். கைத்தூண்டிலால் கொடுவா பிடிப்போர் பலர். அவர்க்குத் தேவை நூலைச் சுற்றிவைக்க ஒரு கட்டையும், விரலைக் காக்க ஒரு தோல் துண்டும் மட்டுமே. கோல் வேண்டுவோர் முன்பு மூங்கிலைத் தேடினர். இன்று கண்ணாடியிழைக் கோல்களும் கரியிழைக் கோல்களும் கிடைக்கின்றன. கண்டல் மரங்களிடையே வீசுவதற்கு இரண்டு மீற்றர் நீளமான கோல் அடக்கமானது. அடிப்பகுதி உறுதியாகவும் நுனி இளகியும் இருத்தல் வேண்டும். முகத்துவார மணற்றிட்டியில் நின்று அலைக்கு அப்பால் எறிவோர்க்கு மூன்று மீற்றருக்கு மேற்பட்ட நீண்ட கோல் தேவைப்படும்.

றீல் எனப்படும் நூற்சக்கரத்தில் முக்கியமான உறுப்பு அதன் தடைத்திருகு. மீன் மிக வலிந்து இழுக்கும்போது நூலை அறவிடாது சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பது அது. நூல் தாங்கும் பாரத்தில் நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையுள்ள இழுப்புக்கு நூல் நகரும்படி அதனை அமைத்தல் வேண்டும் என்பது பொது விதி. இதற்கு நிறுவை கருவி இல்லையே என்று கவலுற வேண்டியதில்லை. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ நிறை. ஒரு கலனில் மூன்று லீற்றர் தண்ணீரை நிரப்பி, நூலை அதன் பிடியிற் கட்டி, சக்கரத்தைக் கையிற் பிடித்து நேராக மேலே தூக்க வேண்டும். கலன் நிலத்தைவிட்டு எழுமா எழாதா என்ற நிலையில் நூல் மெல்ல நகருமானால், பத்துக் கிலோ நூலுக்குத் தடை செவ்வையாக அமைந்துவிட்டது. வீட்டு முற்றத்திலே செய்யும் இந்தச் சிறு சோதனை களப்பிலே ஒரு மீனைக் காப்பாற்றித் தரும்.

இரையைப் பொறுத்தவரை, உயிருள்ள இறாலும் சிறு மணலை மீனுமே கொடுவாவுக்கு விருப்பமானவை. இறாலின் வாற்பகுதியிலே முள்ளை ஊடுருவ விட்டால் அது நெடுநேரம் உயிரோடு நீந்தும். தலையிலே கரிதாகத் தோன்றும் இடத்திற் குத்தினால் உடனே இறந்துவிடும். மணலைக் குஞ்சை முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னே, முதுகெலும்பிற் படாமல், தசையோடு மட்டும் கோத்தல் வேண்டும். இரையை வைத்திருக்கும் வாளியின் நீரை அடிக்கடி மாற்றுவதும், அதனை நிழலில் வைப்பதும் மறக்கலாகாதவை.

உயிரிரைக்குப் பதிலாக மரத்தாலும் செயற்கைப் பொருள்களாலும் செய்த பொய்யிரைகளும் உண்டு. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றின் வரலாறு எண்ணத்தக்கது. பின்லாந்து நாட்டிலே லௌரி ராப்பாலா என்ற ஏழை மீனவர், ஏரியிலே பெரிய மீன்கள் சிறு மீன் கூட்டத்தினூடே தடுமாறி நீந்தும் ஒன்றையே தேடித் தாக்குவதைக் கவனித்தார். 1936 ஆம் ஆண்டில் தக்கையைக் கத்தியாற் செதுக்கி, மிட்டாய் சுற்றிவரும் பளபளப்பான தாளை மேலே ஒட்டி, தடுமாறி நீந்தும் சிறு மீனைப் போன்ற ஒரு பொய்யிரையைச் செய்தார். பின்னர் அது உலகெங்கும் பரவியது. அவருக்குக் கைகொடுத்தது பொருட்செல்வமன்று. கண்ணாற் கண்டதைக் கருத்திற் கொண்ட பண்பே. பொய்யிரையை வீசுவோர் அதனை ஒரே சீராக இழுக்காமல், இழுத்து, நிறுத்தி, மீண்டும் இழுக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே. பெரும்பாலும் நிறுத்திய கணத்திலேயே கொடுவா பாயும்.

எங்கே, எப்போது என்பன அடுத்த வினாக்கள். வட அவுஸ்திரேலியாவைப் பற்றி எழுதிய நூல்கள், கடல்நீரின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மீன்பிடிக்கும்படி கூறும். அங்கே டார்வின் நகரில் வற்றுப்பெருக்கின் உயர வேறுபாடு 7 மீற்றரையும் கடப்பதுண்டு. நமது கிழக்குக் கரையிலோ அது ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே இங்கு நீரின் உயரத்தைப் பார்ப்பதைவிட நீரின் ஓட்டத்தைப் பார்ப்பதே அறிவுடைமை. பாலத்தின் கீழும், ஓடை களப்போடு சேரும் வாயிலும், கண்டல் வேரோரத்திலும் நீர் ஓடத் தொடங்கும்போது சிறு மீன்கள் அடித்து வரப்படும். அவற்றை எதிர்பார்த்து, ஓட்டம் தணிந்த ஒதுக்கிலே கொடுவா நிற்கும். கோடையில் மணற்றிட்டி முகத்துவாரத்தை அடைப்பதும், மாரி வெள்ளம் அதனை உடைப்பதும் இக்கரைக்கு இயல்பு. அடைப்பு உடைந்து நீர் புரளும் நாள்கள் மீனுக்கும் மீனவனுக்கும் பரபரப்பானவை. அந்தியும் விடியலும் ஏற்ற வேளைகள். ஆயினும் இவ்வேளைகளிலே கண்டல் ஓரத்து நீரில் இறங்கி நிற்றல் ஆகாது. கிழக்கின் களப்புகளிலும் ஆறுகளிலும் முதலை உண்டு என்பதை ஒருபோதும் மறத்தல் கூடாது.

மீன் பட்டபின் வேண்டுவது பொறுமை. முதற் பாய்ச்சலில் அது வேரை நோக்கி ஓடும். அப்போது மட்டும் உறுதியாகத் தடுக்க வேண்டும். திறந்த நீருக்கு வந்துவிட்டால் ஓடவிட்டு, ஓய்ந்தபோது இழுக்கலாம். மீன் நீருக்கு மேலே துள்ளும் கணத்தில் கோலின் நுனியைத் தாழ்த்த வேண்டும்; இறுகிய நூலின்மேல் அதன் பாரம் முழுதும் விழுந்தால் முள் கழன்றுவிடும், அல்லது நூல் அறும். கரைக்கு வந்த மீனை அத்தாங்கால் ஏந்துவதே முறை. செவுளுக்குள் விரல் விட்டவர் கையைக் கிழித்துக்கொள்வர்.

இங்கே ஒரு பெரிய செய்தியை நினைவிற் கொள்ளல் வேண்டும். கொடுவா தன் வாழ்வை ஆணாகத் தொடங்குகின்றது. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, பெரிதாக வளர்ந்த பின்னரே பெரும்பாலானவை பெண்ணாக மாறுகின்றன. ஆகவே களப்பிலே அகப்படும் மிகப் பெரிய கொடுவா, பெரும்பாலும் தாய்மீனாகவே இருக்கும். முகத்துவாரத்து உவர்நீரை அடைந்து இலட்சக்கணக்கான முட்டைகளை இடும் ஆற்றல் அதற்கே உண்டு. சிறியவற்றை எல்லாம் பிடித்தால் தாயாவதற்கு எவையும் எஞ்சா. பெரியவற்றை எல்லாம் பிடித்தால் முட்டையிடுவதற்கு எவையும் எஞ்சா. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவையும் 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கொடுவாவையும் பொதுவாக வைத்திருக்கலாகாது என்று விதித்திருப்பது இது கருதியே.

தூண்டிலின் தனிச் சிறப்பு இங்கேதான் விளங்குகின்றது. வலை தன்னுள் அகப்பட்டவற்றையெல்லாம் ஒன்றாகக் கொண்டுவருகின்றது. அவற்றுட் பல கரையேறுமுன்பே இறந்துவிடுகின்றன. தூண்டில் ஒரு மீனை உயிரோடு கையில் தந்து, இதனைக் கொள்வதா விடுவதா என்று வினவுகின்றது. இலங்கையிலே தங்கூசி நூலாற் பின்னிய வலை தடைசெய்யப்பட்டதன் நியாயமும், 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரினவளங்கள் சட்டம் வெடியையும் நஞ்சையும் விலக்கியதன் நியாயமும் இந்த வினாவோடு தொடர்புடையனவே. விடக் கருதிய மீனை நனைந்த கையால், வயிற்றின் கீழே தாங்கி, கிடையாகப் பிடித்தல் வேண்டும். முள்ளைக் கழற்றி, நீரிலே தலை ஓட்டத்தை எதிர்நோக்கும்படி சிறிது நேரம் வைத்திருந்தால், அது தானே வாலை அசைத்துச் செல்லும். முள்ளின் எதிர்முள்ளை முன்கூட்டியே குறட்டால் நசுக்கி வைத்திருப்போர்க்கு இவ்வேலை மிக எளிது.

வீடு திரும்பியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. உவர்நீர் இரும்புக்குப் பகை. வெயில் நைலோனுக்குப் பகை. சக்கரத்தையும் முட்களையும் நன்னீராற் கழுவி, நிழலில் உலர்த்தி, நூலை இருளான இடத்தில் வைத்தல் வேண்டும். வெயிலிலே கிடந்து வெளிறிய நூலைப் புதுப்பிக்கத் தயங்கலாகாது. அறுந்த தங்கூசித் துண்டுகளைக் கண்டற் காட்டிலே எறிந்துவிட்டு வருவது பெரும் பிழை. அவை உக்குவதில்லை, நீர்ப்பறவையின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றிக்கொண்டு, மீனவன் அறியாமலே உயிர்களைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

2004 ஆம் ஆண்டின் கடற்கோளும், அதனை அடுத்து வந்த போரின் இறுதி ஆண்டுகளும் கதிரவெளி, வாகரைப் பகுதிகளைப் பெரிதும் வருத்தின. தோணியும் வலையும் இழந்த குடும்பத்துக்குத் தூண்டில் மிகச் சிறிய முதலோடு தொடங்கக்கூடிய தொழில். வலிய முன்னூல், கூரிய முள், நனைத்து இறுக்கிய முடிச்சு, அளவறிந்து அமைத்த தடை என்னும் இந்நான்கும் செவ்வையாக இருந்தால் விலையுயர்ந்த கருவிகள் இல்லை என்பது ஒரு குறையாகாது. அவற்றோடு, எந்த மீனை விடுவது என்ற அறிவும் சேருமாயின், இன்று தந்தை தூண்டிலிட்ட ஓடையிலே நாளை மகனும் தூண்டிலிட ஒரு கொடுவா காத்திருக்கும்.